மாதிரிப் பாய்க்கப்பல் கட்டுதல்

மாதிரிப் பாய்க்கப்பல் கட்டுதல் என்பது, பாய்க்கப்பல் ஒன்றின் வடிவத்தைக் குறிப்பிட்ட அளவுத்திட்டத்துக்கு அமையச் சிறிதாக்கி, பெரும்பாலும் மரத்தினாலும் நூலினாலும் செய்யும் கைவினை ஆகும். இது உலகின் பல நாடுகளில் ஒரு பொழுதுபோக்காக விளங்குகிறது. வேண்டிய மரத்துண்டுகள், நூல், உலோக உறுப்புகள், வரைபடங்கள் ஆகியவற்றை ஒரே பெட்டியில் சேர்த்து விற்கும் கட்டுமானத் தொகுதிகள் 20ஆம் நூற்றாண்டில் பரவியபின், தச்சுப் பயிற்சி இல்லாதவர்களும் இக்கலையில் ஈடுபட முடிந்தது.

மாதிரிக் கப்பல் வெறும் அலங்காரப் பொருள் அன்று. மரக்கப்பல்களுள் மிகப் பெரும்பாலானவை மூழ்கியோ, உளுத்தோ, உடைக்கப்பட்டோ அழிந்துவிட்டன. அவை எவ்வாறு கட்டப்பட்டன என்பதை அறிய வரைபடங்களுக்கு அடுத்த சான்றாக ஆய்வாளர்கள் கொள்வது அக்காலத்து மாதிரிகளையே. வரைபடம் இன்றிக் கண்ணளவாலும் கையளவாலும் கலம் கட்டிய தமிழகக் கடற்கரை போன்ற பகுதிகளுக்கு இது மேலும் பொருந்தும்.

வரலாறு

கப்பல் மாதிரிகள் மிகத் தொன்மையானவை. பண்டைய எகிப்தியர், இறந்தோரின் மறுவுலகப் பயணத்துக்கென மரத்தாலான படகு மாதிரிகளைக் கல்லறைகளில் வைத்தனர். 1922இல் கண்டறியப்பட்ட துட்டன்காமுனின் கல்லறையில் 35 படகு மாதிரிகள் இருந்தன. ஐரோப்பாவில் கடற்பயணத்திலிருந்து உயிர் தப்பியோர் நேர்த்திக்கடனாகக் கப்பல் மாதிரிகளைத் தேவாலயங்களில் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. எசுப்பானியாவின் மத்தாரோவைச் சேர்ந்த 15ஆம் நூற்றாண்டு மாதிரி ஒன்று இன்று நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரக் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளது. அக்கால வணிகக் கப்பல்களின் அமைப்பை அறிய உதவும் அரிய சான்றுகளுள் இதுவும் ஒன்று.

17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் பிரித்தானியக் கடற்படைக்காக, பெரும்பாலும் 1:48 அளவுத்திட்டத்தில், நுட்பமான மாதிரிகள் செய்யப்பட்டன. இவற்றுட் பல இலண்டன் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. நெப்போலியப் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் சிறைப்பட்டிருந்த பிரெஞ்சுக் கைதிகள், உணவில் கிடைத்த இறைச்சியின் எலும்புகளைச் செதுக்கி மாதிரிக் கப்பல்கள் செய்து விற்றனர்.

கட்டுமானத் தொகுதிகளைப் பெருமளவில் விற்கும் நிறுவனங்களுள் அமெரிக்காவின் மாடல் சிப்வேசு 1946இலும், டென்மார்க்கின் பில்லிங் போட்சு 1958இலும் தொடங்கப்பட்டன. இத்தாலி, எசுப்பானியா ஆகிய நாடுகளிலும் இத்தகைய நிறுவனங்கள் உள்ளன. தமிழர் கணிசமாக வாழும் மொரீசியசுத் தீவில், 1960களின் இறுதியிலிருந்து மாதிரிக் கப்பல் செய்தல் ஒரு சிறுதொழிலாகவே வளர்ந்தது. அங்கு கியூர்ப்பைப், குட்லண்ட்சு ஆகிய ஊர்களின் பட்டறைகளில் கையால் செய்யப்படும் கப்பல்கள் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கப்படுகின்றன.

கட்டுமான வகைகள்

உடற்பகுதி அமைக்கப்படும் முறையைக் கொண்டு மாதிரிகள் மூன்று வகையாகப் பிரிக்கப்படுகின்றன.

1. திண்ம உடல்: ஒரே மரக்கட்டையை, அல்லது ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய பலகைகளைச் செதுக்கி உடல் செய்யப்படுகிறது.
2. குறுக்குத் தட்டின் மேல் பலகை: ஏராவின் வடிவில் வெட்டிய ஒட்டுப்பலகையில் குறுக்குத் தட்டுகளைப் பொருத்தி, அவற்றின்மேல் மெல்லிய பலகைகள் ஒட்டப்படுகின்றன. இன்றைய தொகுதிகளுட் பெரும்பாலானவை இவ்வகையின.
3. வங்கின் மேல் பலகை: உண்மைக் கப்பலில் உள்ளவாறே வங்குகள் ஒவ்வொன்றும் தனித்தனியே செய்து நிறுத்தப்படுகின்றன. இது கடினமானது, தேர்ந்தவர்களுக்கு உரியது.

அளவுத்திட்டம்

கப்பலின் உண்மை அளவுக்கும் மாதிரியின் அளவுக்கும் உள்ள விகிதமே அளவுத்திட்டம். 1:48 என்பது உண்மையில் 48 செ.மீ. உள்ளதை மாதிரியில் 1 செ.மீ. ஆகக் காட்டுவதாகும். அடி, அங்குல முறையில் இது ஓர் அடிக்குக் கால் அங்குலம். 1:64, 1:96 ஆகியவையும் பரவலாகப் பயன்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, ஈழத்தின் திருகோணமலைத் துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய எச். எம். எஸ். டிரிங்கோமலி என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலைக் கொள்ளலாம். அதன் பீரங்கித் தளத்தின் நீளம் ஏறத்தாழ 45.8 மீட்டர், அகலம் ஏறத்தாழ 12.2 மீட்டர். மாதிரியில் இவ்வளவுகள் பின்வருமாறு அமையும்.

1:48 – நீளம் 95 செ.மீ., அகலம் 25 செ.மீ.
1:64 – நீளம் 72 செ.மீ., அகலம் 19 செ.மீ.
1:96 – நீளம் 48 செ.மீ., அகலம் 13 செ.மீ.

முன்னால் நீண்டிருக்கும் சாய்மரத்தையும் சேர்த்தால் மொத்த நீளம் இதைவிடக் கூடும். முடிந்த கப்பலை எங்கே வைப்பது என்பதை அளந்து பார்த்தபின் தொகுதியைத் தேர்வது நன்று. 1:48இல் 170 செ.மீ. உயரமுள்ள மாலுமி ஏறத்தாழ 3.5 செ.மீ. உயரமாவான், 1:96இல் 1.8 செ.மீ. மட்டுமே. கைப்பிடிச் சுவர், ஏணிப்படி, பீரங்கி முதலியவை சரியான அளவில் உள்ளனவா என்பதை இத்தகைய கற்பனை மாலுமியை அருகில் நிறுத்திப் பார்த்தே எளிதில் அறியலாம்.

தொகுதியில் அடங்குபவை

பொதுவாக ஒரு தொகுதியில் பின்வருவன இருக்கும்.

* ஏராவும் குறுக்குத் தட்டுகளும் வெட்டப்பட்ட ஒட்டுப்பலகை
* உடலை மூடுவதற்கான மெல்லிய மரப்பட்டிகள்
* பாய்மரங்களுக்கும் பருமல்களுக்குமான உருளைக் கம்புகள்
* பல தடிப்புகளில் நூல்
* கப்பிகள், நங்கூரம், பீரங்கி போன்ற சிறு உறுப்புகள்
* வரைபடங்களும் செய்முறைக் கையேடும்

பல தொகுதிகளில் உடலுக்கு இரண்டு அடுக்குப் பலகைகள் தரப்படுகின்றன. முதல் அடுக்கு ஏறத்தாழ 1.5 மி.மீ. தடிப்புள்ள மென்மரமாகவும், இரண்டாவது அடுக்கு அரை மில்லிமீட்டர் அளவே தடிப்புள்ள வால்நட் போன்ற மரமாகவும் இருக்கும். முதல் அடுக்கில் நேரும் மேடுபள்ளங்களைத் தேய்த்துச் சரிசெய்துவிட்டு இரண்டாம் அடுக்கால் மூடிவிடலாம் என்பதால், இம்முறை புதியவர்களுக்கு ஏற்றது.

எல்லாத் தொகுதிகளும் ஒரே அளவுக்கு வரலாற்று நம்பகம் உடையன அல்ல. 1492இல் கொலம்பசு சென்ற சாந்தா மரியாவுக்கு வரைபடம் எதுவும் எஞ்சவில்லை. ஆகவே அப்பெயரில் விற்கப்படும் மாதிரிகள் யாவும் அறிஞர்களின் ஊகத்தை அடிப்படையாகக் கொண்டவையே. மாறாக, இங்கிலாந்தில் இன்றும் பாதுகாக்கப்படும் விக்டரி (1765), கட்டி சார்க் (1869) போன்ற கப்பல்களின் மாதிரிகளை மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்க இயலும்.

கருவிகள்

கூரிய சிறு கத்தி, நுண்பல் வாள், அரங்கள், பல தர உப்புத்தாள்கள், சிறு இழைப்புளி, கைத்துளைப்பான், சாமணம், மூலைமட்டம், உருக்கு அளவுகோல் ஆகியவை அடிப்படைத் தேவைகள். பலகையை ஒட்டியபின் அழுத்திப் பிடிக்கத் துணிக் கிளிப்புகளும் குண்டூசிகளும் போதுமானவை. மரத்தை ஒட்டுவதற்குத் தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே சிறந்தது. நொடியில் இறுகும் பசையைச் சிறு உறுப்புகளுக்கு மட்டும் பயன்படுத்தலாம். அதன் ஆவி கண்ணையும் மூக்கையும் உறுத்தும் என்பதால் காற்றோட்டம் உள்ள இடத்தில் வேலை செய்யவேண்டும். மரத்தூளும் தீங்கானது, தேய்க்கும்போது முகக்கவசம் அணிவது அவசியம்.

கட்டும் முறை

ஏராவும் குறுக்குத் தட்டுகளும்

முதலில் உறுப்புகளைப் பட்டியலுடன் ஒப்பிட்டு எண்ணிப் பார்க்கவேண்டும். ஏராப் பலகை வளைந்திருந்தால் இப்போதே நிமிர்த்தவேண்டும், பின்னர் இயலாது. குறுக்குத் தட்டுகளை ஏராவின் வெட்டுவாய்களில் பசையின்றிப் பொருத்திப் பார்த்து, ஒவ்வொன்றும் ஏராவுக்குச் செங்குத்தாக நிற்பதை மூலைமட்டத்தால் உறுதி செய்தபின்னரே ஒட்டவேண்டும். இங்கே ஒரு மில்லிமீட்டர் பிழை நேர்ந்தால், முடிந்த கப்பலை முன்னிருந்து பார்க்கையில் உடல் முறுக்கியது போலத் தோன்றும்.

அடுத்து, தட்டுகளின் விளிம்புகளைச் சரிவாகத் தேய்க்கவேண்டும். அணியத்திலும் அமரத்திலும் பலகை வளைந்து செல்வதால், நேர் விளிம்பு கொண்ட தட்டில் அது கோட்டளவாகவே தொடும். சரிவான விளிம்பில்தான் முழுமையாகப் படியும். ஒரு மெல்லிய பட்டியைத் தட்டுகளின் குறுக்கே வளைத்துப் பிடித்து, இடைவெளி தெரியும் இடங்களைக் கண்டறியலாம்.

பலகை அடித்தல்

கப்பல் உடலின் சுற்றளவு நடுவில் பெரிதாகவும் அணியத்தில் சிறிதாகவும் இருக்கும். ஆனால் இரு இடங்களிலும் ஓடும் பலகைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. ஆகவே ஒவ்வொரு பலகையும் அணியத்தை நோக்கி ஒடுங்கவேண்டும். எடுத்துக்காட்டாக, நடுத்தட்டின் விளிம்பு 100 மி.மீ. ஆகவும் பலகையின் அகலம் 5 மி.மீ. ஆகவும் இருந்தால் 20 பலகைகள் தேவை. முன்தட்டின் விளிம்பு 60 மி.மீ. எனில், அங்கே ஒவ்வொன்றும் 3 மி.மீ. அகலத்துக்கு இழைக்கப்படவேண்டும். இக்கணக்கைத் தவிர்த்து முழு அகலப் பலகைகளை அப்படியே ஒட்டுவோருக்கு, முன்பகுதியில் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

பலகைகளைச் சிறிது நேரம் நீரில் ஊறவைத்து, வெப்பம் காட்டி வளைத்து, காய்ந்தபின் ஒட்டவேண்டும். ஈரத்துடன் ஒட்டினால் காயும்போது சுருங்கி இடைவெளி விழும். ஒரு பக்கம் ஒரு பலகை ஒட்டினால் மறுபக்கமும் அதே இடத்தில் ஒன்று ஒட்டிவிடவேண்டும். ஒரே பக்கத்தை முதலில் முடித்தால், பலகைகளின் இழுவிசையால் ஏரா வளைந்துவிடும்.

மேற்றளம்

உண்மைக் கப்பலில் பலகைகளுக்கு இடையே நாரைத் திணித்துக் கீலால் அடைப்பர். இது தமிழில் கலப்பற்று எனப்படுகிறது. மாதிரியில் இக்கருங்கோட்டைக் காட்ட, ஒவ்வொரு பலகையின் விளிம்பிலும் பென்சிலால் தீட்டி ஒட்டுவர்.

பாய்மரங்கள்

பாய்மரம் மேலே செல்லச் செல்ல மெலியும். சதுரக் கட்டையை முதலில் ஒரு முனை நோக்கி ஒடுங்குமாறு இழைத்து, பின் நான்கு மூலைகளையும் சீவி எண்பக்கமாக்கி, அதன்பின் பதினாறு பக்கமாக்கி, இறுதியில் உப்புத்தாளால் உருட்டுவதே கப்பல் தச்சர் கையாண்ட முறை. மாதிரிக்கும் இதுவே பொருந்தும்.

கயிற்றமைப்பு

கயிறுகள் இரு வகைப்படும். பாய்மரத்தை நிலையாக நிறுத்துபவை நிலைக் கயிறுகள். இவை கீல் பூசப்பட்டமையால் கரிய நிறமுடையன. பாயை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் உதவுபவை ஓடு கயிறுகள். இவை இளம்பழுப்பு நிறமுடையன. முதலில் நிலைக் கயிறுகளையும் பின்னரே ஓடு கயிறுகளையும் கட்டவேண்டும். மாதிரி கட்டும் வேலையில் பொறுமையை மிகவும் சோதிப்பது இப்பகுதியே.

நூலின் மேல் தேன்மெழுகு தடவினால் பிசிர் அடங்கும். இயற்கை இழையாலான முறுக்கு நூல் ஈரக்காற்றில் சுருங்கும். வறண்ட காற்றில் தளரும். ஆகவே நூலை விறைப்பாக இழுத்துக் கட்டினால், மழைக்காலத்தில் மெல்லிய பருமல்கள் வளையக்கூடும்.

பாய்களைக் கட்டாமல் விடுவோரும் பலர். மிக மெல்லிய துணியின் இழைகூட 1:96 அளவுத்திட்டத்தில் கயிறு போலத் தடித்துத் தோன்றுவதே இதற்குக் காரணம்.

கப்பலியல் தமிழ்ச் சொற்கள்

தொகுதிகளின் கையேடுகள் பெரும்பாலும் ஐரோப்பிய மொழிகளிலேயே உள்ளன. எனினும் கப்பல் உறுப்புகளுக்குத் தமிழில் நெடுங்காலமாகச் சொற்கள் உண்டு.

* ஏரா – கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு போன்ற மரம்
* வங்கு – ஏராவிலிருந்து இருபுறமும் எழும் விலா மரம்
* அணியம் – கப்பலின் முன்பகுதி
* அமரம் – கப்பலின் பின்பகுதி
* சுக்கான் – திசைதிருப்பும் பலகை
* கூம்பு – பாய்மரம். சங்க இலக்கியங்களில் வழங்கும் சொல்
* பருமல் – பாயைத் தாங்கும் குறுக்கு மரம்
* ஆஞ்சான் – பாயை ஏற்றி இறக்கும் கயிறு
* தாமான் – பாயின் கீழ்முனையில் கட்டும் கயிறு
* ஆலாத்து – நங்கூரத்துக்குரிய பெருங்கயிறு

தமிழர் பாய்க்கப்பல்களும் மாதிரிகளும்

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு 1930இல் வெள்ளோட்டம் விடப்பட்ட அன்னபூரணி என்னும் இருபாய்மரக் கப்பல், பின்னர் அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சனால் வாங்கப்பட்டது. அவர் அதற்குத் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகளால் செலுத்தப்பட்ட இக்கப்பல், 1938இல் அமெரிக்காவின் குளொசுட்டர் துறைமுகத்தை அடைந்தது.

தூத்துக்குடித் தோணிகள், பாய் விரித்து இலங்கைக்கும் மாலைத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்றவை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றில் இயந்திரங்கள் பொருத்தப்பட்டன. பாய்களின் தேவை மறைந்தது. தோணி கட்டும் மேத்திரிகளின் அறிவு பெரும்பாலும் ஏட்டில் எழுதப்படாமல், தந்தையிடமிருந்து மகனுக்கும் ஆசானிடமிருந்து மாணவனுக்கும் கைமாறியது. இத்தகைய கலங்களை அளந்து மாதிரி செய்து வைப்பது, அவ்வறிவில் ஒரு பகுதியையாவது காப்பதற்கான வழியாகும். ஐரோப்பியக் கப்பல்களுக்குப் பல நூறு தொகுதிகள் கிடைக்கும் நிலையில், தோணி கட்ட விரும்பும் ஒருவர் அளவெடுத்தலில் இருந்தே தொடங்கவேண்டியுள்ளது.

வரைபடம் இல்லாத கலத்தை மீட்டெடுப்பதில் மாதிரியின் பங்குக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யா. அசந்தாக் குகையின் 5ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றில் உள்ள கப்பலை அடிப்படையாகக் கொண்டு, பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்துக் கட்டப்பட்ட இக்கப்பல், மே 2025இல் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. சென்னையில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பெருங்கடல் பொறியியல் துறை, சிறு மாதிரியை நீரில் செலுத்தி இவ்வடிவமைப்பைச் சோதிப்பதில் துணை நின்றது.

மாணவர்களைப் பொறுத்தவரை, தேசிய மாணவர் படையின் கடற்பிரிவில் கப்பல் மாதிரி செய்தல் ஒரு போட்டியாகவே நடத்தப்படுகிறது. இதில் நிலை மாதிரிகளும் நீரில் ஓடும் மாதிரிகளும் இடம்பெறுகின்றன.

கொங்கு நாடும் கப்பல் மரமும்

பல்லடம் போன்ற கொங்கு நாட்டு ஊர்கள் கடலுக்குத் தொலைவில் உள்ளன. பல்லடத்திலிருந்து மேற்கே அரபிக்கடல் நேர்கோட்டில் ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவில் உள்ளது. எனினும் இப்பகுதிக்கும் மரக்கப்பல்களுக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆனைமலைக் காடுகளின் தேக்கு, பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்கென வெட்டி அனுப்பப்பட்டது. மலை உச்சியிலிருந்து மரங்களைச் சரியவிட்டதனாலேயே டாப்சிலிப் என்னும் பெயர் ஏற்பட்டது.

அதே பம்பாய்த் தளத்தில், வாடியா குடும்பத்துக் கப்பல் தச்சரான சம்சேத்சி பொம்மன்சியின் மேற்பார்வையில், மலபார்த் தேக்கால் கட்டப்பட்டு 1817இல் வெள்ளோட்டம் விடப்பட்டதே முன்னர்க் கூறிய டிரிங்கோமலி. இதற்கென இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட முதல் வரைபடங்கள், அவற்றைக் கொண்டுவந்த சாவா என்னும் கப்பல் 1812இல் அமெரிக்கரின் கான்சிடிடியூசனால் தாக்கி அழிக்கப்பட்டபோது தொலைந்துபோயின. மறுபடியும் வரைபடங்கள் அனுப்பப்பட்டன. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இத்தேக்குக் கப்பல் இங்கிலாந்தின் ஆர்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது.

ஆயினும் மாதிரிகளுக்குத் தேக்கு மிகவும் ஏற்றதன்று. அதன் வரியும் நுண்துளைகளும் பெரியவை. சிறிய அளவுத்திட்டத்தில் இயல்புக்கு மாறாகத் தோன்றும். அதிலுள்ள எண்ணெய்ப் பசையால் ஒட்டும் பசையும் எளிதில் பிடிக்காது. நுண்ணிய வரியுள்ள மஞ்சள் கடம்பும், சன்னபட்டண மரப்பொம்மைகளுக்குப் பயன்படும் வெப்பாலையும் இதற்கு ஏற்றவை. மர வகைகளை நேரில் கண்டறிய விரும்புவோருக்கு, 1902இல் நிறுவப்பட்ட கோயம்புத்தூர் காசு வன அருங்காட்சியகத்தின் மரத் தொகுப்பு பயனுடையது.

கயிற்றமைப்புக்கு வேண்டிய நூலோ விசைத்தறி ஊர்களில் அரிய பொருள் அன்று. நூலின் எண் அதிகரிக்கும்போது அது மெலிகிறது. 40ஆம் எண் பருத்தி ஒற்றை நூலின் விட்டம் ஏறத்தாழ 0.14 மி.மீ.; 20ஆம் எண்ணுக்கு ஏறத்தாழ 0.2 மி.மீ. 20ஆம் எண் நூல் மூன்றை ஒன்றாக முறுக்கினால் ஏறத்தாழ 0.43 மி.மீ. விட்டமுள்ள கயிறு கிடைக்கும். 1:64 மாதிரியில் இது 27 மி.மீ. அளவான உண்மைக் கயிற்றுக்குச் சமம். பருத்தியின் பிசிரைச் சுடரில் விரைவாகக் காட்டிப் பொசுக்கலாம். அறுந்த இழையை விழுதிலும் அச்சிலும் கோக்கத் தறிக்காரர் பயன்படுத்தும் மெல்லிய கொக்கி, நெருங்கிய கயிறுகளுக்கிடையே நூலை இழுத்து எடுக்கவும் உதவும்.

பராமரிப்பு

மாதிரிக் கப்பலின் முதற்பகை தூசு. கயிறுகளில் படிந்த தூசை அவை அறுந்துவிடாமல் துடைப்பது கடினம். எனவே கண்ணாடிப் பெட்டியில் வைப்பதே சிறந்தது. நேரடி வெயிலில் மரம் வெளிறும், நூல் வலுவிழக்கும். கரையானும் உளுவண்டும் வராமல் அவ்வப்போது சோதிக்கவேண்டும். பெட்டியில் சிறு காற்றுத் துளைகள் இருப்பது, உள்ளே ஈரம் தேங்குவதைத் தடுக்கும்.

புதிதாகத் தொடங்குவோர் ஒரே பாய்மரம் கொண்ட சிறு படகிலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்குச் சில பத்து மணிநேர உழைப்புப் போதுமானது. மூன்று பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஆயிரம் மணிநேரத்துக்கு மேலும் ஆகலாம்.

இவற்றையும் பார்க்க

* பாய்க்கப்பல்
* தோணி
* கட்டுமரம்
* அன்னபூரணி (கப்பல்)
* தேக்கு